நாற்பத்தொரு படங்களில் இல்லாத மனிதர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரை நாற்பத்தொரு முறை அழித்தவள் நான்தான். பதறாதீர்கள், என் தொழில் அது. ஸ்டூடியோவின் பின்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்து, படங்களில் வேண்டாததை எடுத்துவிடுவேன். மணப்பெண்ணின் முகப்பருவை எடுப்பேன். மாப்பிள்ளையின் தோளில் தொங்கிக்கொண்டிருக்கும் யாரோ ஒரு மாமாவின் கையை எடுப்பேன். கசங்கின சட்டையோடு கடவுச்சீட்டுப் படத்துக்கு வந்து உட்காருகிறவருக்குக் கோட்டு மாட்டிவிடுவேன். குடும்பப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற பெரியப்பாவுக்கு, வேறொரு படத்திலிருந்து அவருடைய கண்ணையே எடுத்துவந்து வைத்துத் திறந்துவிடுவேன்.

இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. ஜன்னல் இல்லாத அறை. எல்லாருக்கும் நான் ரப்பரக்கா. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டிலும் ஆள் கிடையாது என்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கோபக்காரி என்றும் சொல்வார்கள். ஆமாம், கோபக்காரிதான். ஊரார் முகத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் வரும்.

ஸ்டூடியோ முதலாளியை நாங்கள் படக்காரர் என்போம். இருபது வருடம் கல்யாணப் படம் எடுத்துச் சோறு தின்ற மனிதருக்கு ஐம்பது வயதில் திடீரென்று கலை பிடித்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு பௌத்த மடாலயம் இருக்கிறது. அங்கே பிக்குகள் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் தியானத்தில் உட்காருவார்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் முற்றத்தில் சண்டைப் பயிற்சி. யாரையும் அடிப்பதற்கு இல்லையாம். உடம்பும் மனசும் ஒரே இடத்தில் இருக்கப் பழக்குவதற்காம். ஏதோ ஒரு விழாவைப் படமெடுக்கப் போனவர், ஒரு பிக்கு துவைத்த துணி வாளியோடு சேற்றுக் குட்டையைத் தாவிக் கடந்ததைப் பார்த்துவிட்டார். கால் தரையில் படாத அந்தக் கணத்தில் அந்த முகம் தியானத்தில் இருப்பது போலவே இருந்ததாம். வந்ததிலிருந்து ஒரே பேச்சு. பிக்குகள் அந்தரத்தில் இருக்க வேண்டும்; ஆனால் சமையலறை, துணி காயும் முற்றம், மாடிப்படி என்று சாதாரண இடங்களில் இருக்க வேண்டும். எல்லாம் கறுப்பு வெள்ளையில்.

"சர்க்கஸ் படமா சார்?" என்று கேட்டேன்.

"உனக்கு ரசனையே கிடையாதுக்கா," என்றார். என்னைவிட ஏழு வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

தாவுகிறவர் விழுவதற்கு மெத்தை வேண்டுமே. எங்கள் தெருக்கோடி மெத்தைக் கடையில் பெரிதாக ஒன்று சொல்லி வைத்தோம். அதைத் தலையில் சுமந்துகொண்டு மடாலயத்துக்கு வந்தவர்தான் நான் சொல்லவந்த மனிதர். அறுபதைத் தாண்டியவர். கடையில் மெத்தைக்குப் பஞ்சு அடைப்பது, தைப்பது, வீட்டில் கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் அவர் வேலை. இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். பிக்கு மதிலிலிருந்து தாவினார். காற்றில் அங்கி காலில் சுற்றி, உடம்பு ஒரு பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் எல்லாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த மனிதர் ஒரே உதையில் மெத்தையைத் தள்ளிவிட்டார். பிக்கு அதன் நடுவில் வந்து விழுந்தார். எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

"இவர் நிக்கிறதா இருந்தா நான் தாவுறேன்," என்று படக்காரரிடம் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மூன்று வருடம், கடை விடுமுறை நாட்களிலெல்லாம் மெத்தைக்காரர் மடாலயத்துக்கு வந்தார்.

தாவுகிற படங்களோடு முடிந்திருந்தால் என் பாடு எளிதாக இருந்திருக்கும்; மெத்தையையும் பக்கத்தில் நிற்கிற மெத்தைக்காரரையும் அழித்தால் போதும். பிக்கு படுத்தபடி அந்தரத்தில் மிதக்கிற படங்களும் வேண்டுமென்றார் படக்காரர். முதலில் ஒரு இரும்பு முக்காலியின் மேல் படுக்க வைத்து எடுத்தார்கள். முக்காலியை நான் அழித்துவிட்டேன். ஆனால் அங்கி அதன் விளிம்பில் நேர்கோடாக மடங்கியிருந்தது. முக்காலி இல்லை, முக்காலியில் படுத்த துணி மட்டும் இருக்கிறது. பார்த்தவுடன் பல்லிளித்தது. அப்போது மெத்தைக்காரர்தான், "நான் கீழ உக்காந்து கையில தாங்கட்டுமா?" என்றார். மனிதக் கை தாங்கினபோது துணி இரண்டு பக்கமும் தானாக வழிந்து விழுந்தது. படம் பிரமாதம். பத்து விரலையும், முழங்கையையும், கீழே குந்தியிருக்கிற வழுக்கைத் தலையையும் அழிப்பது யார்? இந்த ரப்பரக்கா.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சியில் பிக்குகளுக்கு முதல் பாடமே விழுவதுதானாம். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அந்தப் பிக்கு மெத்தைக்காரருக்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமல், சொல்லாமல் கொள்ளாமல் அப்படியே பின்னால் சாய்வார். இவர் பிடிப்பார். பிடித்துவிட்டால் இரண்டு பேரும் விழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், வேலையைத் தொடங்கலாம். ஒருமுறைகூட இவர் தவறவிட்டதில்லை.

அழிக்கிற முறையையும் சொல்ல வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, முதலில் ஆளே இல்லாத இடத்தை ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு வெறும் படம் என்று பெயர். அப்புறம் அதே இடத்தில் பிக்குவும் தாங்குகிறவருமாக ஒரு படம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, தாங்குகிறவர் இருக்கிற இடத்தைத் தேய்த்தால் அடியில் இருக்கிற வெறும் இடம் தெரியும். அதனால் வெறும் படம் எடுக்கும்போது படக்காரர் கத்துவார்: "மெத்தை, வெளிய!" இவர் கேமராவின் கண்ணுக்கு வெளியே நாலடி ஓடி நிற்பார். பிக்குவைத் தாங்கி இறக்கிவிட்ட மறுநொடியும் அதே நாலடி. பிக்கு தனியாக நிற்பதையும் இரண்டு மூன்று எடுத்துக்கொள்வாரே, அதற்காக.

மெத்தைக்காரரைப் பற்றித் தெருவில் கேட்டால் யாரும் மெத்தையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். "அந்தப் புளுகு மூட்டையா?" என்பார்கள். ஒரு காலத்தில் அணையை நீந்திக் கடந்ததாகச் சொல்வார். கேட்கக் கேட்க அணையின் அகலம் கூடிக்கொண்டே போகும். மழை பெய்யாத ஒரு மாதம் பொறுத்துக் கேட்டால் அது கடலாகியிருக்கும். சர்க்கஸில் கம்பிமேல் நடந்தார், ஒரு பெரிய மனிதர் இவர் தைத்த மெத்தையில்தான் தூங்குவார், விமானத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போனார். யாருக்கும் கெடுதல் இல்லாத காதுகுத்தல். கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் தான் மெத்தைக் கம்பெனி மேலாளர் என்று அளந்துவிட்டார். சாட்சிக்குப் பக்கத்துக் கடைத் தையல்காரரைக் கூட்டிக்கொண்டு போய், கம்பெனிக் கணக்கர் என்று உட்கார வைத்தார். கல்யாணத்தன்று உண்மையான முதலாளி வந்து, மேடை வரைக்கும் ஏறி, வாழ்த்திவிட்டு, "நாளைக்கு வெள்ளனவே வந்துடுய்யா, பஞ்சு அடைக்க ஆளில்ல," என்று சொல்லிவிட்டு இறங்கினார். மகள் அன்று தலையைக் குனிந்தவள் படத்தில் ஒன்றிலும் நிமிரவில்லை. அந்தப் படங்களும் எங்கள் ஸ்டூடியோதான். எனக்குத் தெரியும்.

அதைக்கூட அவள் மறந்திருப்பாள். கடல் தாண்டி வேலைக்குப் போனாள். ஆறு வருடத்துக்கு முன்னால் இங்கே அம்மா படுத்துவிட்டாள். மகளுக்குப் புது வேலை, விடுப்புக் கிடைக்காது, பதறிப்போவாள் என்று இவராகவே முடிவு செய்து, மூன்று வாரம் தினமும் போனில், "காய்ச்சல்தாம்மா, நாளைக்கு எழுந்திரிச்சிடுவா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுதாளா கத்தினாளா என்றால் இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இனிமே நீங்க எது சொன்னாலும் நான் எப்படிப்பா நம்புவேன்?"

அதற்கப்புறம் அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் வரும்.

இவர் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மெத்தைக் கடையின் பின்னறைக்கே வந்துவிட்டார். ஒருமுறை போயிருக்கிறேன். சுவர் உயரத்துக்கு மெத்தைகள் சாய்ந்திருக்கும் நடுவில் ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஒரே ஒரு தட்டு. மூலையில் இரட்டை மெத்தை ஒன்று பிளாஸ்டிக் உறையோடு நின்றது. விற்பனைக்கா என்று கேட்டதற்கு, "மக வந்தா படுக்க," என்றார். உறைமேல் ஆறு வருடத் தூசி. தினமும் துடைத்தால்தான் என்ன என்று திட்டவந்த வாயை மூடிக்கொண்டேன்.

போனில் அவர் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டுவிடுவார்.

"அம்மாடி, நான் இப்போ பெரிய பெரிய படத்துலல்லாம் இருக்கேன். பிக்கு அந்தரத்துல மிதக்குறாருன்னு வெச்சுக்கோ, அவருக்குக் கீழ நான்தான் தாங்குறேன்."

மகளின் குரல் வரும்.

"சரிப்பா. சாப்பிட்டீங்களா?"

போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்வார்: "நம்பலன்னா உடனே சாப்பாட்டுக்குப் போயிடுவா. அணையை நீந்தினேன்னு சொன்னப்பவும் அப்படித்தான், பத்து வயசுல."

இந்த வருடம் படக்காரர் நகரத்தின் பெரிய கூடத்தில் கண்காட்சி வைத்தார். நாற்பத்தொரு படங்கள், ஒவ்வொன்றும் கதவு உயரம். பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, "ஒரு தந்திரமும் இல்லை, எல்லாம் அவர்களுடைய பயிற்சி," என்று கூசாமல் சொல்லியிருந்தார். எங்களிடமும், "வாயைத் திறக்காதீங்க," என்று சொல்லி வைத்திருந்தார். அதே வாரம் மெத்தைக்காரரின் மகள் அலுவலக வேலையாக மூன்று நாள் வருவதாகச் சொன்னாள். ஓட்டலில் அறை போட்டிருக்கிறாளாம். "அந்தப் படத்தையும் பார்த்துடுறேன்ப்பா," என்றாளாம்.

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டே நாளில் அந்த முகம் சுருங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்து கதவோரம் நின்றார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. ஒரே ஒரு படத்துல என்னை விட்டு வையேன். முழுசா வேண்டாம். கை மட்டும் போதும். என் கைய அவளுக்குத் தெரியும்."

"இப்போ வந்து கேக்குறீங்களே, மூணு வருஷம் என்ன பண்ணீங்க? எல்லாம் அச்சாகி சட்டம் போட்டாச்சு!" என்று கத்தினேன்.

"அப்போ அழிக்கிறதுக்கு முன்னாடி இருந்தது? அதுல ஒண்ணு சின்னதா எடுத்துக் குடுத்தாப் போதும். அவ கையில குடுத்துடுவேன்."

நான் கத்தினதற்குக் காரணம் அதுதான். இருந்ததை நான் வைத்திருக்கவில்லை. என் தொழிலில் இருக்கிற யாரும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் கைவைப்பார்கள். எனக்குத் திமிர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு படத்தைக்கூடத் திரும்பிச் செய்ததில்லை என்கிற திமிர். மூலத்தின் மேலேயே வேலை செய்து, மேலேயே சேமித்துவிடுவேன். கேமராவிலிருந்தது கல்யாணப் படங்களுக்கு இடம் வேண்டி எப்போதோ துடைக்கப்பட்டுவிட்டது. மடாலயத்தில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், வேறு யாரும் எடுத்திருக்கவும் வழியில்லை. மூன்று வருடம் ஒரு மனிதர் முட்டி தேயத் தாங்கினதற்கு இந்த உலகத்தில் ஒரு துண்டு அடையாளம்கூட இல்லாமல் ஆக்கிவிட்டேன். அதை அவரிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "நல்லாத்தான் அழிச்சிருக்க, தேடினாலும் தெரியல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு நாள் சாப்பிடாமல் தேடினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணினியில் ஒவ்வொரு பெட்டகமாகத் திறந்தேன். கடைசியில் யாரும் நினைத்துப் பார்க்காததால் அழியாமல் கிடந்த ஒன்று அகப்பட்டது: வெறும் படங்கள். ஆளில்லாத சமையலறை, ஆளில்லாத படிக்கட்டு, ஆளில்லாத முற்றம். பதினேழாவதில் ஆள் இருந்தார்.

அன்று படக்காரர் 'வெளிய' என்று கத்த மறந்திருக்க வேண்டும். பின்னால் வரிசையாகத் துணி காய்கிறது. நடுவில் மெத்தை. அதன்மேல் மெத்தைக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து, வலது கையால் இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். கேமரா கண் திறந்ததே அவருக்குத் தெரியாது. உதவாது என்று படக்காரர் மறுபடி எடுத்திருக்கிறார். அதன் பெயர் 'ஆள் இல்லை 17' என்று என் கையாலேயே பதிந்திருந்தது.

அச்சுப் போட்டு, வழக்கம்போலப் பின்பக்கம் அதே பெயரை எழுதி, எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நான் என்ன பண்றேன்?"

"சும்மா உக்காந்திருக்கீங்க."

"அதான. இதக் காமிச்சா, எங்கயோ போய் உக்காந்திருந்தேன்னு மட்டும்தான் தெரியும்."

"அண்ணே, அதுக்குத்தான் வந்தேன். உங்க கை, தோளு, தலை எல்லாம் இதுல தெளிவா இருக்கு. இத எடுத்து, பிக்குவுக்குக் கீழ வெச்சுடுறேன். ஒரு மணி நேர வேலை. எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். மடியிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார்.

"வேணாம்மா."

"ஏன்? நடந்ததைத்தான் காட்டப்போறோம்!"

"நடந்ததுதான். ஆனா அந்தப் படம் நடந்தது இல்லையே. நான் அவகிட்ட எத்தனையோ சொல்லியிருக்கேன் தங்கச்சி, உனக்குத் தெரியும். இது ஒண்ணுதான் நெசம். இதுக்கும் போய் ஒட்டு வேலை பண்ணினா, இதுவும் அதுகளோட சேர்ந்துடும். நம்பாட்டிப் போறா. இது நெசமாவே இருக்கட்டும்."

உலகம் புளுகன் என்று சொல்கிற மனிதர் எனக்கு இப்படிச் சொல்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கடையில் பறக்கிற பஞ்சின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தை என் பையிலேயே திரும்ப வைத்தேன்.

கண்காட்சி அன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கியது. படத்தைப் படமெடுத்துவிடுவார்கள் என்று பயந்து, வாசலில் ஒரு கூடை வைத்து எல்லாருடைய கைபேசியையும் வாங்கிக்கொண்டிருந்தார் படக்காரர். கூடத்தில் குளிர். வெள்ளைச் சுவர்களில் பிக்குகள் மிதந்தார்கள். மெத்தைக்காரர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தூண் ஓரமாக நின்றார். மகள் வந்தாள். அலுவலக அட்டை கழுத்தில், பை மார்போடு. அப்பாவின் அதே கட்டை விரல்கள்.

ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இவர் அரையடி பின்னால் வந்தார். முற்றத்துப் படத்தின் முன்னால் நின்றார்கள். துணிகளுக்கு நடுவே, இடுப்பு உயரத்தில், பிக்கு கண்மூடிப் படுத்திருக்கிறார். கீழே வெறும் தரை. ஒரு புல்லின் நிழல்கூடப் பிசகவில்லை. என் வேலைதான், என்ன சொல்ல.

"இதுக்குக் கீழதாம்மா நான். இந்த எடத்துல குந்தியிருந்தேன். கை இப்படி."

காற்றில் கையை ஏந்திக் காட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அந்தப் பக்கமாக வந்த படக்காரரிடம் திரும்பி, "சார், இதுக்குக் கீழ யாராவது தாங்கினாங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

படக்காரரைச் சுற்றி நாலைந்து பெரிய மனிதர்கள். சிரித்தார். "தாங்குறதா? இது அவங்க பயிற்சிம்மா. வெறும் பயிற்சி."

மெத்தைக்காரர் ஏந்தின கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. வேலை போனால் போகிறது என்று அவளிடம் போனேன். "உங்கப்பா சொல்றது நெசம்மா. நான்தான் அழிச்சேன். ஒவ்வொரு படத்துலயும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபமே இல்லாமல், களைத்துப்போன குரலில் சொன்னாள்: "போன தடவை தையல்காரர் வந்தார். இந்தத் தடவை நீங்களாக்கா?"

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"சரிப்பா. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா," என்றார். சாப்பிட்டிருக்க மாட்டார். தூண் ஓரத்துக்கே திரும்பிப் போய் நின்றுகொண்டார். அவ்வளவு பேர் நடுவில் அந்த மனிதர் நின்ற தனிமையை நான் பார்த்தேன். ஆள் இல்லை என்று நான் எழுதி வைத்தது அப்போதுதான் எனக்குச் சுட்டது.

அப்போது பிக்கு வந்தார். படத்தில் இருக்கிறவரே வந்துவிட்டாரென்று கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. ஒரு பெரிய மனிதர் கேட்டார்: "சாமி, ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்."

"அதெல்லாம் இங்க முடியாதுங்க, அவங்களுக்கு நியமம் இருக்கு," என்று படக்காரர் குறுக்கே விழுந்தார்.

"ஏன் முடியாது?" என்றார் பிக்கு, கள்ளமில்லாமல். "செய்யலாமே. மெத்தைக்காரர் எங்க?"

படக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "யாரு சாமி?" என்றார் பெரிய மனிதர்.

"என்னைத் தாங்குறவரு. அவர் இல்லாம நான் எப்படி மிதக்குறது?" என்று சிரித்தார் பிக்கு. கண் கூடத்தைச் சுற்றிவந்து தூணோரம் நின்றது. அவ்வளவுதான். அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் அப்படியே பின்னால் சாய்ந்தார்.

யாரோ ஒரு பெண் வீறிட்டாள். மெத்தைக்காரர் தூணை விட்டு எப்போது கிளம்பினார் என்று நான் பார்க்கவில்லை. அறுபத்தைந்து வயது முட்டி இரண்டும் தரையில் மோதும் சத்தம் கேட்டது. பிக்குவின் தோள் அவர் வலது கையில் இருந்தது. இடது கை இடுப்புக்குக் கீழே போனது. ஒரு மூச்சு இழுத்துத் தூக்கினார். பிக்கு காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அங்கி இரண்டு பக்கமும் வழிந்து விழுந்தது. பின்னால் சுவரில் அதே படம், கீழே ஆளில்லாமல். முன்னால் அதே பிக்கு, கீழே நெற்றி நரம்பு புடைத்த மெத்தைக்காரர்.

"அப்பா," என்றாள் மகள். சத்தமாகக்கூட இல்லை.

இறக்கி நிறுத்தினார். அடுத்த நொடி குனிந்து, நாலடி ஓடி, தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். அங்கே ஒரு கேமராவும் இல்லை. மூன்று வருடப் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது. கூட்டம் கைதட்டியபோது பிக்கு மட்டும்தான் நடுவில் நின்றார்.

அவள் தூணுக்குப் பின்னால் போனாள். நானும் போனேன், மரியாதையில்லாமல். அவர் இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாப்பா?"

"சேச்சே, அதெல்லாம்..." என்று தொடங்கினவர் நிறுத்தினார். அவளைப் பார்த்தார். "வலிக்குதும்மா. ரெண்டு வருஷமா கைய மேல தூக்க முடியல. உங்கம்மா விஷயத்துலயும்... பயந்துட்டேம்மா. சொன்னா நெசமாயிடும்னு பயந்துட்டேன்."

அவள் அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். நான் என் பையிலிருந்த பதினேழாம் படத்தை அவளிடம் நீட்டினேன். பின்பக்கம் திருப்பி, எழுதியிருந்ததைப் படித்து, மறுபடி முன்பக்கத்தைப் பார்த்து, பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வாசலில் கூடையிலிருந்து கைபேசியை எடுத்தவுடன் தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள். மூச்சு வாங்கியது.

"என்னங்க, அப்பா சொன்னது நெசங்க! அந்தப் பிக்குவ அப்பாதான் தாங்கினார். ஒத்த ஆளா, அந்தரத்துல. இப்போ என் கண் முன்னாடி!"

"படம் எடுத்தியா?"

"எடுக்க விடலைங்க. போனை வாங்கி வெச்சுட்டாங்க. ஆனா நான் பார்த்தேன்."



"சரிம்மா. சாப்பிட்டியா?"

அவள் கைபேசியை இறக்கி, அப்பாவைப் பார்த்தாள். மெத்தைக்காரர் அவள் முதுகில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

"விடும்மா," என்றார். "போகப் போகப் பழகிடும்."